எங்கள் செவல்காடு எரிந்துவிட்டது: மரம் நடுவதா, அப்படியே விடுவதா?

செவல்மண் · ஏப்ரல் 16, இரவு 9.40

பள்ளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் செவல்காடு இருக்கிறது. ஐயா காலத்தில் வரகும் கடலையும் போட்டார்கள். பதினைந்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. இடுப்புயரப் புல், முப்பது முப்பத்தைந்து பனை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல், உசிலை, மேற்கு ஓரத்தில் ஆவாரை. மூன்று வருடத்துக்கு முன்னால் மரம் நடும் குழு ஒன்று வந்து எண்ணூறு கன்று வைத்தது, படம் எடுத்துக்கொண்டது, போய்விட்டது. அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் ஆடு புகாமல் வேலி போட்டு, முதல் கோடையில் டேங்கர் தண்ணீர் விட்டு, நூற்றைம்பது கன்றைத் தேற்றி வைத்திருந்தேன்.

பங்குனிக் கடைசியில் தீப்பிடித்துவிட்டது. ரோட்டோரம் யாரோ பீடித்துண்டைப் போட்டதாகப் பேச்சு. மதியம் ஒரு மணிக்குப் பற்றியது முக்கால் மணி நேரத்தில் மொத்தமும் முடிந்தது. காரைக்குடியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம்.

மறுநாள் காலையில் நடந்து பார்த்தேன். பனைகள் ஆள் உயரத்துக்குக் கறுத்திருக்கின்றன, மேலே மட்டை பச்சையாகவே இருக்கிறது. வெள்வேல் பட்டையை வண்டிச் சாவியால் கீறினால் கரிக்கு உள்ளே ஈரம். நட்ட கன்றுகள் மட்டும் வறுத்த மிளகாய் மாதிரி நிற்கின்றன. ஒரு இடத்தில் சாம்பலைத் தள்ளிவிட்டுப் புல்தூர் ஒன்றைக் கையால் பிளந்தேன். வெளிச்சுற்று முழுக்கக் கரி. நடுவில் மட்டும் வெளுத்த பச்சையில் குருத்து முனை, தொட்டால் குளுமை. முந்தின நாள் அதன் தலைமேல்தான் நெருப்பு ஓடியிருக்கிறது.

பக்கத்துக் காட்டுக்காரர் "எரிந்ததும் நல்லதுக்குத்தான்" என்கிறார். என் மச்சான் "ஜப்பான் முறையில் நெருக்கி நடு, மூணே வருஷத்தில் காடு" என்கிறான். டிவியில் ஆப்பிரிக்கப் புல்வெளியைப் பார்த்தேன், சவன்னா என்றார்கள், சிங்கத்தை எடுத்துவிட்டால் எங்கள் காடேதான். இது என்ன வகை நிலம், இதை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆட்டுக்கிடை · ஏப்ரல் 16, இரவு 10.25

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காடு எரிந்ததற்குக் காரணம் பீடி இல்லை, வேலி. எங்கள் அப்பா கிடை போட்ட காலத்தில் அந்தப் பக்கம் பங்குனியில் தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் பற்ற அங்கே என்ன இருந்தது? கணுக்கால் உயரம்கூடப் புல் நிற்காது. மூன்று வருடம் மேய்ச்சல் இல்லை, புல் காய்ந்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்திருக்கும். அது வைக்கோல் போருக்குச் சமானம்.

இன்னொன்று. செம்மறி புல்லை மேயும், வெள்ளாடு தழையைக் கடிக்கும். செம்மறியை மட்டும் விட்டால் நாளடைவில் முள்ளுச்செடி மிஞ்சும். வெள்ளாட்டை மட்டும் விட்டால் புல் மிஞ்சும். எங்கள் ஆட்கள் ரெண்டையும் கலந்து ஓட்டுவது சும்மா இல்லை.

கோயில்காடு · ஏப்ரல் 17, காலை 6.50

எரிந்தது நல்லதுக்கு என்று சொல்கிறவர்களை முதலில் எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வீரை, உலக்கைப்பாலை, காசான் எல்லாம் பின்னிக்கொண்டு நட்ட நடுப்பகலில் இருட்டாக இருக்கும். கோடையிலும் இலை உதிராது. அங்கே விழுகிற மழையும் செவல்மண் காட்டில் விழுகிற மழையும் ஒன்றுதான். அதே செம்புராங்கல் பூமிதான். அய்யனாருக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்கவில்லை, தீ வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, நாம் காண்கிற பொட்டல் எல்லாம் அழிந்துபோன காடு. அதற்கு சவன்னா என்று வெளிநாட்டுப் பெயர் வைத்துப் பெருமைப்பட வேண்டாம். நட வேண்டும், காக்க வேண்டும்.

புல்தூர் · ஏப்ரல் 17, இரவு 11.15

பெங்களூரில் புல்வெளிச் சூழலியலில் ஆய்வு செய்கிறேன், சொந்த ஊர் திருப்பத்தூர் (நம்ம சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்). நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவன்னா என்றால் கீழே தொடர்ச்சியான புல், மேலே ஒன்றையொன்று தொடாத மரங்கள். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் இருக்கிறது. காடாகவும் மாறாமல் வெறும் புல்லாகவும் ஆகாமல் இது எப்படி நடுவில் நிற்கிறது என்பதுதான் பழைய புதிர்.

2005இல் சூழலியலாளர் மகேஷ் சங்கரனும் கூட்டாளிகளும் ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள இடங்களில், மரம் எவ்வளவு அடர்த்தியாகலாம் என்பதற்கு மழையே உச்சவரம்பு கட்டுகிறது. தீயே இல்லாவிட்டாலும் அங்கே மரங்கள் கூடி மூடிக்கொள்ள முடியாது, தண்ணீர் போதாது. அதற்கு மேலே மழை உள்ள இடங்களில் கதை வேறு. மரங்கள் மூடிக்கொள்ளத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் தீயும் மேய்ச்சலும் மூட விடுவதில்லை.

நம் ஊருக்கு ஆண்டுக்குச் சுமாராக 900. கோயில்காடு ஐயா சொன்னது அதனால் பாதி சரி. இங்கே மழை மட்டும் பேசினால் அடர்ந்த புதர்க்காடு வர இடமுண்டு, அய்யனார் காடு அதற்குச் சாட்சி. ஆனால் 650 ஆப்பிரிக்கக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடுகிறது, மாசி முதல் ஆடி வரை மண் காய்கிறது. செம்புராங்கல் மேலாக இருக்கும் இடத்தில் வேர் இறங்க வழியில்லை. ஒரே 900, ஒரு இடத்தில் தாராளம், பத்தடி தள்ளி பஞ்சம்.

இப்போது தீ. செவல்மண் பார்த்த புல்தூரில் எல்லாமே இருக்கிறது. புல்லின் வளர்முனை தரைமட்டத்தில், பழைய தாள்களின் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. புல் தீ வேகமாக ஓடும், ஒரு இடத்தில் நிற்காது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரண்டு மூன்று விரற்கடைக்குக் கீழே சூடு பெரிதாக ஏறுவதே இல்லை. ஆகவே புல்லுக்குத் தீ என்பது முடிவெட்டிக்கொள்வது மாதிரி. மரக்கன்றுக்கோ தலை போகிற விஷயம், ஏனென்றால் அதன் குருத்து நெருப்பு எரியும் உயரத்திலேயே இருக்கிறது.

நெருப்பு பட்டு மேல்பகுதி செத்தாலும் சவன்னா மரங்களின் வேர் சாகாது, மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த தீ. மறுபடி தலை போகும். இப்படிப் பல வருடமாக முழங்கால் உயரத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிற கன்றுகள் உண்டு. பார்த்தால் நேற்று முளைத்தது போல இருக்கும், தோண்டினால் வேர் தொடை தடிமன். இதற்கு எங்கள் துறையில் சொல்கிற பெயரைத் தமிழில் தீப்பொறி என்றே வைத்துக்கொள்ளலாம், எலிப்பொறி மாதிரி. எப்போதாவது நாலைந்து வருடம் தீ வராமல் இருந்தால், அல்லது நல்ல மழை பெய்து ஒரு கன்று வேகமாக நெருப்பின் உயரத்தைத் தாண்டிவிட்டால், அது தப்பித்து மரமாகிவிடும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு மீட்டர் எட்டினால் பிழைத்தது.

இன்னொரு வழி பட்டை. பட்டை வழியாக வெப்பம் உள்ளே போய்ச் சேர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பட்டை இரண்டு மடங்கானால் பாதுகாப்பு நேரம் நான்கு மடங்கு. அதனால்தான் வெள்வேலுக்குள் ஈரம் இருந்தது, மெல்லிய பட்டைக் கன்றுகள் வெந்துவிட்டன.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954 முதல் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றை வருடாவருடம், சிலவற்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரித்து, சிலவற்றை எரிக்காமலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது மரங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, உயரம்தான் மாறியிருந்தது. எரிந்த பாத்திகளில் குட்டை, எரியாதவற்றில் நெட்டை. தீ மரங்களைக் கொல்வதைவிட அடக்கி வைப்பதே அதிகம்.

ஆட்டுக்கிடை அண்ணன் வேலியைப் பற்றிச் சொன்னாரே, அது ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியின் கதை. 1890 வாக்கில் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்காவில் புகுந்து மாடுகளையும் காட்டு மாடுகளையும் வாரிக்கொண்டு போனது. பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டு விலங்குகளுக்கும் நோய் நின்றது. 1960களின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துக்குள் இருந்த வில்டபீஸ்ட் என்ற புல் மேயும் விலங்கு 1970களின் இறுதிக்குள் பதின்மூன்று லட்சம் ஆனது. அத்தனை வாயும் புல்லைத் தின்றதில் எரிய ஒன்றுமில்லை. தீ குறைந்தது. தீ குறைந்ததும் மரம் கூடியது. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது.

முல்லைத்திணை · ஏப்ரல் 18, காலை 8.05

முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. ஒரே நிலம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் என்பதை இளங்கோவடிகள் அன்றே சொல்லிவிட்டார்.

ஆட்டுக்கிடை · ஏப்ரல் 18, காலை 8.20

வந்துட்டாருய்யா. எந்த இழையானாலும் நாலாவது நாள் இது நடக்கும் என்று பந்தயம் கட்டியிருந்தேன், ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

புல்தூர் · ஏப்ரல் 18, மதியம் 1.30

கிண்டல் வேண்டாம் அண்ணே, அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் அங்கே திரிவதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது வேனில், தீ இல்லை. நாம் பேசுவது ஒரே மழையில் இரண்டு நிலை என்பதைப் பற்றி. அது கொஞ்சம் வேறு.

தேவகோட்டை டூ டார்வின் · ஏப்ரல் 18, மாலை 4.10

வட ஆஸ்திரேலியாவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இங்கே டார்வினில் ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டரைத் தொடும். நம் ஊரைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் ஊரைத் தாண்டினால் அடர்காடு கிடையாது, தைலமரமும் இடையில் ஆளை மறைக்கும் புல்லும்தான். மழை முழுவதும் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் கொட்டிவிடும். அப்புறம் ஆறு மாதம் ஒரு சொட்டு கிடையாது. மழையில் புல் மளமளவென்று வளரும், மே மாதமே மஞ்சளாகிவிடும், பிறகு எரியும். ஒரே இடம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது எரிகிறது. மழை அதிகம் என்றால் தீ குறையும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். மழைதான் விறகு அடுக்குகிறது, காய்கிற மாதங்கள் கொளுத்துகின்றன.

கோயில்காடு ஐயாவுக்கு ஒரு செய்தி. இங்கேயும் அய்யனார் காடு உண்டு! தீ எட்டாத பாறை இடுக்குகளிலும் ஓடைக் கரைகளிலும் கொடி பின்னிய இருட்டுக் காட்டுத் துண்டுகள் நிற்கும். அதிலிருந்து ஐம்பது அடி வெளியே வந்தால் புல்லும் தைலமரமும். சாமி மட்டும்தான் வேறு.

இங்குள்ள பூர்வகுடி மக்கள் மழை முடிந்த கையோடு, புல் பாதி பச்சையாக இருக்கும்போதே சிறு சிறு துண்டாக எரிப்பார்கள். நடந்துகொண்டே வைப்பார்கள், முழங்கால் உயரத் தீ, இரவுப் பனியில் தானே அணைந்துவிடும். பல ஆயிரம் வருடப் பழக்கம். அவர்களை அந்த நிலத்திலிருந்து கிளப்பிய பிறகு அக்டோபர் வாக்கில் பெருந்தீ வர ஆரம்பித்தது, மரத்தின் உச்சியையே தின்கிற தீ. 2006இல் மேற்கு ஆர்னம் பகுதியில் அவர்களையே திரும்ப அழைத்து, பழைய முறையில் முன்கூட்டி எரிக்கிற திட்டம் ஆரம்பித்தார்கள். புகையும் வாயுவும் குறைந்தது, அதற்குக் காசும் வருகிறது.

கெட்ட உதாரணமும் இங்கேதான். மாட்டுத் தீவனத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து காம்பா என்றொரு புல் கொண்டுவந்தார்கள். நாலு மீட்டர் வரை வளரும். அது எரிந்தால் உள்ளூர்ப் புல் எரிவதைப்போல் எட்டு மடங்கு உக்கிரம் என்று அளந்திருக்கிறார்கள். தீக்குப் பழகிய தைலமரமே அதில் தாக்குப் பிடிப்பதில்லை. தீக்குப் பழகிய மரம் என்றால் எந்தத் தீக்கும் பழகிய மரம் என்று அர்த்தமில்லை.

நெறியாளர் · ஏப்ரல் 18, இரவு 7.00

தைலமரத் தோப்பு, நிலத்தடி நீர் பற்றிய பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடரலாம்.

இரண்டாங்கட்டு · ஏப்ரல் 19, காலை 11.20

எழுபத்திரண்டு வயதாகிறது, தட்டச்சு மெதுவாக வரும். கானாடுகாத்தானில் எங்கள் வளவு வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதுகை ஒரு பர்மாத் தேக்குத் தூணில் சாய்த்திருக்கிறேன். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். அப்பச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் தூண் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்தத் தூணும் தீ வளர்த்த மரம்தான். தேக்குக்கு வெயில் வேண்டும், நிழலில் கன்று தேறாது. அதன் கொட்டை ஓடு கல்போலிருக்கும், சூடு பட்டால் முளைப்பு எளிது. கன்று எரிந்தால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். மூங்கிலும் பசுமைமாறாச் செடிகளும் போட்டிக்கு வராமல் நெருப்பு பார்த்துக்கொள்ளும். பர்மாவின் மலைவாசிகள் காட்டை எரித்துப் புனம் போட்ட இடங்களில் தேக்கு வந்தது. 1856இல் பர்மாவின் பெகுவில் காடுகளுக்குப் பொறுப்பேற்ற அதிகாரி பிராண்டிஸ் அவர்களைக் கொண்டே புனத்தில் தேக்கு நடச் செய்தார், அதுதான் தௌங்யா முறை.

அப்புறம் வெள்ளைக்கார வனத்துறை தீயைக் காட்டின் எதிரி என்று முடிவு கட்டித் தடுக்க ஆரம்பித்தது. சில வருடத்தில் பார்த்தால் பெரிய தேக்குகள் நிற்கின்றன, கீழே தேக்குக் கன்று இல்லை, வேறு செடிகள் மண்டிக்கிடக்கின்றன. 1890களில் வனத்துறைக்குள்ளேயே "தீயை மிதமிஞ்சித் தடுக்கிறோம்" என்று வாக்குவாதம். 1907 வாக்கில் பர்மாவின் பல தேக்குக் காடுகளில் தீத்தடுப்பைக் கைவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தூணுக்கு யார் யார் தீ வைத்தார்களோ, அவர்களுக்கு நாங்கள் ஒரு படையல் போட்டதில்லை.

தேக்குக்காடு சவன்னா இல்லை என்று புல்தூர் ஆச்சி திருத்தலாம். திருத்தினால் சரி.

புல்தூர் · ஏப்ரல் 19, மாலை 6.45

ஆச்சி என்று இப்போதே கூப்பிட்டுவிட்டீர்களே ஐயா! திருத்த ஒன்றுமில்லை. உலர் இலையுதிர் காடு என்று வரைபடத்தில் எழுதியிருக்கும் இடங்களில் பலவற்றில் கீழே தொடர்ச்சியாகப் புல் இருக்கிறது. அவை காடா, மரம் மிகுந்த சவன்னாவா என்று எங்களுக்குள்ளேயே சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் சவன்னாக் கட்சி.

உங்கள் பர்மாக் கதைக்கு நம் பக்கத்திலேயே ஒரு தம்பி இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் வறட்சி தொடங்கும்போதே சருகுக்கு மெலிதாகத் தீ வைப்பார்கள். 1970களில் அது சரணாலயமானது, தீ தடை செய்யப்பட்டது. இன்று உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மூடிக்கிடக்கிறது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி மரத்தைத் தின்கிறது. முன்பு தீதான் புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். இப்போது அந்த உண்ணிப் புதருக்குள் தீப்பிடித்தால் அது பழைய மெல்லிய தீயாக இருக்காது.

கோயில்காடு · ஏப்ரல் 20, காலை 7.10

எல்லோரும் அழகாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் பர்மாவும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் செட்டிநாடு ஆகிவிடுமா? இங்கே தீ எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வந்தது என்று யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் புல் தீயில் மாட்டி இறந்தார்களே, அந்தப் பெற்றோரிடம் போய் "தீ நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். மனிதன் வெட்டினான், மனிதன் எரித்தான், காடு போனது. இதுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

புல்தூர் · ஏப்ரல் 20, இரவு 10.50

ஐயா, தீ நல்லது என்று நான் எங்கும் எழுதவில்லை. மழை நல்லதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எப்போது, எவ்வளவு, எங்கே என்றுதானே கேட்பீர்கள். குரங்கணி போன்ற செங்குத்துச் சரிவில், காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம், அது இருக்கட்டும்.

ஆனால் "மனிதன் வந்துதான் புல் வந்தது" என்பது தவறு. சோளம், கம்பு, கரும்பு இவற்றின் சொந்தக்காரப் புற்களை சி4 வகை என்போம். வெயிலும் வறட்சியும் கூடி, காற்றில் கரியமில வாயு குறைந்திருந்த காலத்தில் அவைதான் ஓங்கின. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அவை வெப்பநாடுகளில் பரவியதை மண்ணில் உள்ள கார்பன் அடையாளத்தை வைத்துக் கண்டிருக்கிறார்கள், பாகிஸ்தானின் சிவாலிக் மண்ணடுக்குகளிலும்தான். நம் இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டு ஆகிறது. தீக்குச்சி கண்டுபிடிப்பதற்கு முன்னால் மின்னல் இருந்தது. 2005இல் இன்னொரு கணக்கு: உலகத்தில் தீயே இல்லை என்று கணினியில் வைத்துப் பார்த்தால் அடர்காடு 27 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் நாம் வெட்டியது இல்லை.

செட்டிநாட்டில் ஒரு குறிப்பிட்ட நாலரை ஏக்கர் அழிந்த காடா பழைய புல்வெளியா என்பதை மேலே நின்று சொல்ல முடியாது, கீழே பார்க்க வேண்டும். அழிந்த காடென்றால் பெரும்பாலும் எங்கும் வருகிற களைகள் இருக்கும். பழைய புல்வெளியில் ஒவ்வொரு செடியும் மண்ணுக்குள் ஏதாவது சேமித்து வைத்திருக்கும், கிழங்கோ வேர்க்கட்டையோ. வேட்டியில் ஏறித் தைக்கிற ஊசிப்புல் இருக்கிறதா பாருங்கள். அதன் விதையின் வால் ஈரம் பட்டால் ஒரு பக்கம் முறுக்கும், காய்ந்தால் மறுபக்கம் முறுக்கும். அப்படியே துளைபோட்டு விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும், தீ மேலே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே பனை. அது ஆப்பிரிக்க சவன்னாவில் நிற்கிற பனைக்குச் சொந்த இனம். மற்ற மரங்களில் உயிர் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய வளையமாக ஓடுகிறது, அந்த வளையம் வெந்தால் மரம் முடிந்தது. பனையில் நார்க்கற்றைகள் தண்டு முழுக்கப் பரவிக்கிடக்கின்றன, வெளியே கருகினால் உள்ளே வேலை நடக்கும். சின்ன வயதில் எப்படித் தப்பிக்கிறது? நாம் தை மாதம் அவித்துத் தின்கிறோமே கிழங்கு, அதுதான் விடை. பனங்கொட்டை முளைக்கும்போது மேலே வருவதில்லை. ஒரு குழாயைக் கீழ்நோக்கி விட்டு, குருத்தையே மண்ணுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அங்கே சத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் இலையை மேலே அனுப்புகிறது. தண்டு எழும்பாமல் வருடக்கணக்கில் வடலியாக உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். மேலே எரிந்தால் எரியட்டும்.

ஆட்டுக்கிடை · ஏப்ரல் 20, இரவு 11.05

இத்தனை வருடம் தின்றேன், இது தெரியாமல் போச்சே.

கரிமூட்டம் · ஏப்ரல் 22, மதியம் 2.15

யாரும் சீமைக்கருவேலைப் பேசவில்லையே. மானாமதுரைப் பக்கம் மூட்டம் போடுகிறவன் நான். அது நெருங்கி நின்றால் கீழே புல் வராது, புல் வராவிட்டால் தீ ஓடாது. வெட்டினாலும் தூரிலிருந்து நாலு கிளை வரும், எரித்தாலும் வரும். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது எங்கள் பக்கம் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். தூர் எடுக்காத இடத்தில் அடுத்த மழைக்கே பழையபடி. செவல்மண் அண்ணே, எரிந்த காட்டில் ஆடு மாடு விட்டீர்கள் என்றால் சாணத்தோடு அந்த விதை வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை டூ டார்வின் · ஏப்ரல் 22, மாலை 5.30

புல்தூர், ஒரு சந்தேகம். இனிமேல் வெயில் கூடும், அப்போது சவன்னா பெருகுமா குறையுமா?

புல்தூர் · ஏப்ரல் 23, காலை 9.00

இரண்டு பக்கமும் இழுக்கிறது. வெயில் கூடினால் புல் சீக்கிரம் காயும், தீ நாட்கள் கூடும். அது மரத்துக்கு எதிர். ஆனால் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்கு (பத்து லட்சத்தில்), இப்போது 420க்கு மேல். அது மரக்கன்றுக்குச் சாதகம். வேரில் சேமிப்பு கூடுகிறது, எரிந்த பிறகு வேகமாக எழும்பி, அடுத்த தீ வருவதற்குள் பொறியைத் தாண்டிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் பல சவன்னாக்களில் முள்மரம் கூடிக்கொண்டே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எது ஜெயிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

செவல்மண் · ஏப்ரல் 23, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் ஜப்பான் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முறைத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒரு மழை பார்த்துவிட்டு வருகிறேன்.

செவல்மண் · நவம்பர் 12, இரவு 8.30

இழையைத் தூசி தட்டுகிறேன். ஆவணியில் இரண்டு இடி மழை, ஐப்பசியில் அடைமழை. காட்டில் இப்போது நிற்பதைச் சொல்கிறேன்.

நட்ட நூற்றைம்பதில் வேரிலிருந்து துளிர்த்தது நாற்பத்தொன்று. பெரும்பாலும் வேம்பும் புங்கமும். மற்றவற்றைப் பிடுங்கினால் கையோடு வருகிறது. வெள்வேலும் உசிலையும் ஒன்றுகூடச் சாகவில்லை. மேற்கு ஓரத்தில் ஆவாரை முன்பைவிட அடர்த்தி, மொத்தமும் மஞ்சள். ஊசிப்புல் இருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், ஒரு மணி நேரம் காலுறையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டேன், வால் புழு மாதிரி சுழன்றது. பிள்ளைகள் அரை மணி நேரம் அதிலேயே இருந்தார்கள்.

கோயில்காடு ஐயா போன மாதம் நேரிலேயே வந்தார். இரண்டு மணி நேரம் நடந்தார், குனிந்து குனிந்து பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. வடகிழக்கு மூலையில் மண் ஆழமாக இருக்கும் அரை ஏக்கரை மட்டும் வேலிக்குள் வைத்து, அங்கே வீரையும் பாலையும் வைத்துக் காட்டுகிறேன் என்று விதை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வைத்திருக்கிறேன். மீதி நாலு ஏக்கருக்கு வேலியைப் பிரித்துவிட்டேன். தை முடிந்ததும் ஆட்டுக்கிடை அண்ணன் செம்மறியும் வெள்ளாடும் கலந்து பத்து நாள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், கருவேலங்காய் தின்ற மந்தையாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரோட்டோரம் இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லை அறுத்துவிடப் போகிறேன். தீ வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ஆவணியில் பனம்பழம் விழுந்தது. சாம்பல் கலந்த வெற்றுத் தரையாக இருந்ததால் ஐம்பது அறுபது கொட்டை தானாகவே முளைத்துவிட்டது. புல்தூர் சொன்னது உண்மையா என்று ஒன்றைத் தோண்டினேன். மேலே கொட்டை சும்மா கிடக்கிறது, பச்சை ஒன்றும் இல்லை, செத்தது போலிருக்கிறது. அதன் ஒரு கண்ணிலிருந்து வெள்ளைக் குழாய் நேராகக் கீழே இறங்குகிறது. கடப்பாரையால் செம்புராங்கல் சில்லைப் பெயர்த்துப் பெயர்த்துப் போனேன், முழங்கை ஆழத்தில்தான் முனை தட்டுப்பட்டது, சுண்டுவிரல் பருமனில் கிழங்கு கட்ட ஆரம்பித்திருந்தது. கைதவறி ஒடித்துவிட்டேன்.

தையில் பிடுங்கலாம். வேண்டுகிறவர்கள் சாக்கோடு வாருங்கள், நானே அவித்தும் தருகிறேன். கருகிய பனைக்கு அடியில் உள்ள பத்தை மட்டும் தொட வேண்டாம், அதை வடலிக்கு விட்டிருக்கிறேன்.